பந்து குடித்த டீசல்

"முதல்ல அந்த பங்க்காரர் சட்டையை விடுங்க."

காக்ஸ் டவுன் ஸ்டாப் தாண்டியதும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு அம்மா போனில் இப்படிச் சொன்னார். பெட்ரோல் பங்க்கிலிருந்து அவர் கணவர் ஸ்பீக்கரில் கத்தினார்.

"டேங்க் ஃபுல் பண்ணச் சொன்னேன். பிக்கப் வண்டி டீசல் மீட்டர்ல முள் காலியிலேயே கிடக்குது. இவன் ஒண்ணுமே ஊத்தல!"

"வண்டியைப் பம்ப்பை விட்டுத் தள்ளி நிறுத்துங்க. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு சாவியை மட்டும் ஆன்ல வைங்க. டேங்க்லேர்ந்து மீட்டருக்குப் போற ஒயரைக் கழட்டி வண்டி இரும்புல தொடுங்க. முள்ளை அவரே பாக்கட்டும்."

அந்த அம்மாவின் மடியில் டிபன் பை, கண்கள் மூடியிருந்தன. டிக்கெட் கேட்க வந்த கண்டக்டர் கேட்காமல் நின்றார்.

"மேடம், ஏறுது! ஃபுல்லுக்கே போயிடுச்சு!" பங்க்காரர் குரல்.

"அப்போ மீட்டரும் ஒயரும் நல்லாதான் இருக்கு. மீட்டருக்கு அளவு சொல்ல டேங்க்குள்ள மிதக்கிற பந்து ஓட்டையாகி, டீசலைக் குடிச்சு மூழ்கிடுச்சு. அதை மாத்தினா போதும். இப்ப மூடியைத் திறந்து பாருங்க."

நான் இறங்கவேண்டிய ஸ்டாப் போய்விட்டது. எழுந்திருக்க மனம் வரவில்லை.

"டீசல் கழுத்து வரைக்கும் இருக்கும்மா," என்றார் கணவர், மெதுவாக. "பஸ்ல உக்காந்துக்கிட்டே எப்படிக் கண்டுபிடிச்ச?"

"போன மாசம் நம்ம மாடித் தொட்டியில பந்து மூழ்கி தண்ணி வழிஞ்சுதே. அப்ப யார் சட்டையைப் பிடிச்சீங்க?"



"வீட்டு ஓனர் சட்டையை."