பேட்டரி மூச்சுவிடும் இடம்

துணி உலர்த்தும் மெஷினுக்குள் ஒரு வலைத்தட்டு இருக்கும். அதில் சேரும் பஞ்சை ஒவ்வொரு தடவையும் எடுத்துவிட வேண்டும். நிறையப் பேர் எடுப்பதில்லை. வீடு தீப்பிடித்தால் மெஷினைத் திட்டுவார்கள். உங்களுக்குச் சின்ன வயசு, ஆபீசர், இப்போதே பழகிக்கொள்ளுங்கள். நான் ஒருநாளும் மறந்ததில்லை. எடுத்த பஞ்சை வீணாக்கியதும் இல்லை.

என் கணவர் ரைமோவைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல மனிதர், அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். தண்டர் பே துறைமுகத்தில் தானியக் கிடங்கு ஒன்றின் மேற்பார்வையாளராக இருந்தார். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் என் சமையலறைக்கு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அப்புறம் அங்கிருந்து நகரவே இல்லை.

"ஐலா, உப்பு ஏன் அடுப்புக்கு எதிர்ப்பக்கம் இருக்கு? வீணா எவ்வளவு நடக்கறே பாரு."

"பழகிப்போச்சுங்க."

"பழகிட்டா சரின்னு ஆயிடுமா? நான் மாத்தி வெக்கறேன், நீ உக்காரு."

உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த கரண்டியை ஒரே மத்தியானத்தில் தேட வைத்துவிட்டார். பாத்திரம் கழுவும் மெஷினில் நான் அடுக்கிய தட்டுகளை வெளியே எடுத்து மறுபடி அடுக்குவார். ஃபிரிட்ஜைத் திறந்தால், "என்ன தேடறே?" என்பார். ரொட்டிக்கு மாவு பிசைந்தால் பக்கத்தில் நின்று என் மணிக்கட்டைப் பார்ப்பார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் இருவர் குடும்பமும் பின்லாந்திலிருந்து கனடாவுக்கு வந்தவை. முகத்தில் அடித்தாற்போல் பேசுகிற வழக்கம் எங்களிடம் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பழைய ஹைப்ரிட் காரில் சிவப்பு விளக்கு எரிந்தது. பின் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பெரிய பேட்டரி போய்விட்டதாம். புதுசு போட்டால் காரின் விலையைத் தாண்டிவிடும் என்றார்கள். ரைமோவா விடுவார்? அந்தப் பேட்டரி பல கட்டைகளை வரிசையாகக் கோத்தது. கெட்டதை மட்டும் மாற்றினால் போதும் என்று வீடியோவில் பார்த்துக் கற்றுக்கொண்டு கராஜுக்குள் போனார். வாரக்கணக்கில் அங்கேயே இருந்தார். விசில் சத்தம் வேறு கேட்டது. நான் சமையலறையில் தனியாக உட்கார்ந்து காபி குடித்தேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

பிறகு கார் ஓடிவிட்டது. அவரும் சமையலறைக்குத் திரும்பிவிட்டார்.

எதையும் விளக்கிச் சொல்வது அவருக்குப் பிடிக்கும். பின் இருக்கையின் ஓரத்தில் இருக்கும் சன்னமான காற்றுத் துளையை ஒருநாள் எனக்குக் காட்டினார்.

"பேட்டரி இது வழியாத்தான் மூச்சு விடுது. இது அடைச்சுக்கிட்டா சூடு ஏறி, ஒண்ணொண்ணா செத்துப்போகும். புரிஞ்சுதா?"

நன்றாகவே புரிந்தது. அவர் சொன்னவற்றிலேயே எனக்குப் பிரயோசனப்பட்டது அது ஒன்றுதான். துணி துவைக்கும் நாளெல்லாம் கொஞ்சம் பஞ்சை உள்ளே, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், குச்சியால் தள்ளிவைத்தேன். மறுபடி விளக்கு எரிந்ததும், அவர் பார்ப்பதற்குள் பஞ்சை எடுத்துவிடுவேன். அவர் கராஜுக்குப் போவார். சரிசெய்வார். நான் மறுபடி துவைப்பேன்.

போகப் போக அவர் விசிலடிப்பதை நிறுத்திவிட்டார். "எனக்கு மூளை மழுங்கிப்போச்சு ஐலா, எங்க தப்பு விடறேன்னே தெரியலை" என்பார். சாப்பாடு இறங்கவில்லை. பாவமாக இருந்தது. கராஜுக்கே தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டு பிர்க்கோவைச் சொல்லவேண்டும். ஜனவரி மாதம், ரைமோ அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போன வழியில் கார் நெடுஞ்சாலையில் நின்றுவிட்டது. உதவிக்கு வண்டி வருவதற்குள் அவளுடைய கால்விரல்கள் பனியில் உறைந்து, இரண்டை எடுக்கவேண்டி வந்தது. இனிப்பு ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம்.

"ரைமோ, உன் காரை நம்பினதுக்கு நாய் இழுக்கற பனிவண்டியில போயிருக்கலாம்" என்றாள். "போகட்டும் விடு. நெயில் பாலிஷ் மிச்சம்."

ரைமோ அழுதுவிட்டார். பிர்க்கோ நல்ல பெண். அவள் ஒன்றும் நடனமாடுகிறவள் இல்லை.

அதன் பிறகுதான் அவர் அந்த முடிவை எடுத்தார். சாப்பாட்டு மேஜையில், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"புது கார் வாங்கிடலாம் ஐலா. பத்து வருஷத்துக்கு அதுல கையே வெக்க வேண்டாமாம். இதைக் கடைசியா ஒரு தடவை சரிபண்ணி வித்துடறேன். அப்புறம் முழு நேரமும் உன்கூடத்தான். சமையல்கூட ரெண்டு பேரும் சேர்ந்தே பண்ணலாம்."

பத்து வருஷம். என் விரல்கள் அவர் கையை இறுக்கிவிட்டன. அவர் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டு என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

காரின் பின்பக்கம், சாமான் வைக்கும் இடத்தில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளக் உண்டு. பேட்டரியைத் தொடுவதற்கு முன் அதைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்காமல் தொட்டால் ஆளை முடித்துவிடும் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி. பின் இருக்கைப் பக்கம் ஒருதடவை குனிந்துவிட்டால் எழுந்து சுற்றி வர முடியாது. பிளக்கைப் பிடுங்குவது என் வேலை. பிடுங்கிவிட்டேன் என்று நான் சொன்ன பிறகுதான், சின்ன நட்டுகள் பிடிபடவில்லை என்று ரப்பர் கையுறையைக் கழற்றுவார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்தக் கடைசித் தடவையும் பின்பக்க மூடியைத் திறந்தேன். பிளக்கைப் பார்த்தேன். மூடியைச் சாத்தினேன்.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேங்க."

கையுறைகள் தரையில் விழும் சத்தம் கேட்டது. நான் உள்ளே வந்து காபி போட்டேன். நிதானமாகக் குடித்தேன். என்ன பண்றே என்று யாரும் கேட்கவில்லை. அதன் பிறகுதான் உங்களுக்கு போன் செய்தேன்.

சமையலறையை விட்டுக் கொஞ்சம் வெளியே போங்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். அதையும் நான் யோசிக்காமல் இல்லை, ஆபீசர். அப்படிச் சொன்னால் அவர் மனசு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்.