ஓசிப் படம்

சண்டை முடிந்த மறு வருஷம். ராயபுரம் டிராமில் எனக்கு முன்னால் இரண்டு துறைமுகக் கூலிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"காசிமேட்டு மணல்ல சாயங்காலம் ஓசியில படம் காட்றாங்களாம். வர்றியா மாமு?" என்றான் இளையவன்.

"ஓசின்னா நான் வரல. டிக்கட் வச்சா சொல்லு," என்றார் மூத்தவர்.

"ஓசின்னா கசக்குதா?"

"மலேயா ரப்பர் தோட்டத்துல ஜப்பான்காரன் ஓசிப் படம்னுதான் கூப்ட்டான். தம்பியையும் இட்டுகினு போனேன். பாதிப் படத்துல கதவ சாத்தி, அத்தினி பேரையும் லாரில ஏத்தி, சயாம் காட்டுல ரயில் பாதை போட இஸ்துகினு பூட்டான். தம்பி அங்கியே செத்தான்."

இளையவன் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"இது வெட்டவெளி மாமு. கதவே கெடையாது."

மூத்தவர் யோசித்தார்.

"லாரிய எங்க நிறுத்துவான்?"