வாத்துகளுக்கு முன்னால் போனவள்

கரியடுப்பை இந்தப் பக்கம் நகர்த்துங்கள். கதவைச் சாத்தியாயிற்றா? சரி. நம்மோடு செங்கல் சூளையில் வேலை பார்த்தானே ஹெரி, அவன் கூடப் பிறந்த அக்கா ஹந்தாவுக்கு நடந்தது இது. சிரிக்கிறவன் இப்போதே சிரித்துவிடட்டும். நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

பொழுது சாய்ந்து, எதிரே வருகிற ஆளின் முகம் தெரியாத நேரம். அம்பாதோலம்பிச் சந்தை முடிந்து, வயலுக்கு நடுவே போகும் செம்மண் தடத்தில் ஹந்தா ஒற்றையாக வந்துகொண்டிருந்தாள். தலையில் வாத்துக்குத் தவிட்டு மூட்டை. ஈ காக்கை இல்லை. அப்போதுதான் சத்தம் கேட்டது. பத்... பத்... பத்... பத். ஈரக்கால் மண்ணில் படுகிற சத்தம். நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் பத்... பத்... பத்... பத்.

அவள் வீட்டு வாத்துகள்தான். ஏழெட்டு வெள்ளை வாத்துகள், ஒன்றன் பின் ஒன்றாக எதிரே வந்தன. வாத்து வரிசையில் வருவதில் என்ன அதிசயம் என்பாய். அதிசயமில்லைதான். ஆனால் முன்னால் யாராவது போக வேண்டுமே... யாரும் இல்லை. முதல் வாத்து மட்டும் கழுத்தை நிமிர்த்தி, ஒரு ஆளை அண்ணாந்து பார்ப்பது போல எதையோ பார்த்தபடி நடந்தது. நாலடி வரும், நிற்கும். நாலடி வரும், நிற்கும். ஹந்தாவை நெருங்கியதும் வரிசை மொத்தமும் ஓரமாக ஒதுங்கி அவளுக்கு வழி விட்டது. அந்த நொடியில் குப்பென்று புகையிலைத் தூள் வாசம்.

வரிசையின் கடைசியில் மியாலி. ஹந்தாவின் ஒரே பிள்ளை. நாலு வயசு. வீட்டில் அப்பனோடு இருக்க வேண்டியவள், வெறுங்காலோடு வாத்துக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

"எங்கடி போறே?"

"அத்தை கூட."

ஹந்தா மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடினாள். தவிடு போனால் போகிறது!

அத்தை என்றால் ரவாவோ. ஹந்தாவின் புருஷன் லிவாவுக்கு மூத்த அக்கா. பிள்ளை இல்லாதவள். அந்த வீட்டு வாத்தெல்லாம் அவள் வளர்த்ததுதான். விற்க மாட்டாள், அறுக்க விட மாட்டாள். ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்துக் கூப்பிடுவாள். நெஞ்சில் இழுப்பு இருந்தது. நாலடி நடந்தால் மூச்சு வாங்க நிற்பாள். அவள் நின்றால் வாத்தும் நிற்கும். கீழுதட்டில் எப்போதும் புகையிலைத் தூளை ஒதுக்கியிருப்பாள்.

நம் ஊரில் பிள்ளை இல்லாத அக்கா கேட்டால், தம்பி தன் பிள்ளை ஒன்றைக் கொடுத்துவிடுவான். கேட்பதும் தப்பில்லை, கொடுப்பதும் புதுசில்லை. ரவாவோ மியாலியைக் கேட்டாள். ஒரு தடவை அல்ல, பல தடவை. லிவா தலையைச் சொறிந்தான். ஹந்தாதான் நாலு பேர் முன்னால் வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

"வாத்து வளர்க்கிற மாதிரி இல்ல அண்ணி, பிள்ளை வளர்க்கிறது. இன்னொரு தடவை கேட்காதீங்க."

ரவாவோ அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. மழைக்காலம் தொடங்கும் முன்னே இழுப்பு முற்றிச் செத்தும் போனாள்.

அப்போதுதான் ஹந்தா அந்தக் காரியத்தைச் செய்தாள். பாவம், நல்லது என்று நினைத்துத்தான் செய்தாள். கடற்கரை ஊரிலிருந்து இன்னொரு தம்பி வர வேண்டும் என்று பிணத்தை முகம் மூடாமல் வைத்திருந்தார்கள். வீடு நிறைய சனம். சாவு வீட்டு வழக்கப்படி கொழுப்பு மிதக்கிற சோறு வாளி வாளியாகப் போகிறது. ஒருவன் ஆர்மோனியப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விடிய விடிய வாசிக்கிறான். அந்தக் கூச்சலில் அடைக்கோழி மிரண்டு எழுந்து ஓடிவிட்டது. அது அடைகாத்ததோ வாத்து முட்டைகள். இன்றோ நாளையோ பொரிய வேண்டியவை. குளிர்ந்தால் உள்ளேயே செத்துப்போகும். ரவாவோ உசிராக வைத்திருந்த முட்டை... விட மனசு வருமா? வீட்டில் அணையாமல் விளக்கெரிகிற இடம் அது ஒன்றுதான். கூடையில் பஞ்சைப் போட்டு முட்டைகளை அடுக்கி, பிணத்தின் தலைமாட்டில், விளக்குகளுக்கு நடுவே வைத்தாள்.

விடிகாலையில் எல்லாம் பொரிந்துவிட்டன. ஹந்தா போய்ப் பார்த்தபோது கூடையில் ஓடுதான் கிடந்தது. குஞ்சுகள் எல்லாம் ரவாவோவின் கழுத்தடியில், ஈரம் காயாமல், ஒட்டிக்கொண்டு படுத்திருந்தன. பெட்டி வாசிக்கிறவன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"வாத்துக் குஞ்சு கண்ணத் தொறந்ததும் யாரப் பாக்குதோ அவதான் அதுக்கு ஆத்தா. போச்சு போ, கிழவி போற எடத்துக்கெல்லாம் இதுங்களும் போகும்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஹந்தாவும்தான்.

குஞ்சாக இருக்கும் வரை யாரும் கவனிக்கவில்லை. குஞ்சு என்றால் அங்கே இங்கே ஓடும், யார் பார்க்கிறார்கள்! வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. தவிட்டை வைத்துக்கொண்டு கூப்பிட்டாலும் வராது. சாயங்காலம் தானாகக் கூட்டை விட்டு வெளியே வரும். வரிசை கட்டும். முற்றத்தைச் சுற்றும். சமையல்கட்டு வாசலில் நின்று காத்திருக்கும். உள்ளே போன ஒருத்தி வெளியே வந்தது போல, மறுபடி நடக்கத் தொடங்கும். அன்றைக்குத் தடத்தில் பார்த்த பிறகு ஹந்தா ஒன்றைக் கவனித்தாள். ஒவ்வொரு நாளும் மியாலி வரிசையில் ஒரு வாத்தைத் தாண்டி முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

என்ன செய்வாள்? செத்த முன்னோரைக் கும்பிடுகிற வடகிழக்கு மூலையில் சாராயம் தெளித்து அழுதாள். "அண்ணி, நான் பேசினது தப்பு. வாத்தெல்லாம் உங்களோடதுதான். பிள்ளையை விட்டுடுங்க." நாள் பார்க்கிறவரைக் கூட்டிவந்தார்கள். அவர் முற்றத்தில் கால் வைத்ததும் வாத்து வரிசை அவரைப் பார்த்து நின்றது. மனுஷர் காசும் வாங்காமல், திரும்பியும் பார்க்காமல் போய்விட்டார்.

லிவாவுக்கு வெறி வந்துவிட்டது. "செத்தவ எப்படிடி நடப்பா? இந்தச் சனியன்கள ஒழிச்சா எல்லாம் சரியாப்போகும்." ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அறுத்தான். ஒன்றுகூடக் கத்தவில்லை. அறுக்கிற வரைக்கும் எல்லாம் ஒரே பக்கம், வாசல் பக்கம், அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. மியாலியும் அழவில்லை. அன்றைக்கு ராத்திரி ஹந்தா வயிறாரச் சாப்பிட்டாள். நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் சாயங்காலம் அடுப்பூதிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். முற்றத்தில் மியாலி. நாலடி நடந்தாள். நின்றாள். நாலடி நடந்தாள். நின்றாள். பின்னால் வாத்து இல்லை... முன்னாலும் இல்லை. வலது கை மட்டும் மேலே தூக்கியிருந்தது. பெரியவர்கள் கையைப் பிடித்து நடக்கும்போது குழந்தைக்கு எப்படி இருக்கும், அப்படி.

ஹந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாத்து இருந்தவரை ரவாவோ எங்கே நிற்கிறாள், எங்கே திரும்புகிறாள் என்றாவது தெரிந்தது. இப்போது அதுவும் போயிற்று.

ஓடிப்போய்ப் பிள்ளையின் இடது கையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. நாலு வயசுப் பிள்ளை, அரை மூட்டை அரிசி கனம்கூட இல்லை, அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். மியாலியின் தோளில் மளுக் என்று ஒரு சத்தம்.

"ரெண்டு பேரும் இழுக்காதீங்கம்மா... வலிக்குது!"

ஹந்தா இழுப்பதை நிறுத்திவிட்டாள். பெற்றவள் வேறென்ன செய்வாள், சொல்லுங்கள்? பிள்ளையின் கையை மட்டும் விடவில்லை.

அதிலிருந்து தினமும் இதுதான். ஊரை விட்டுப் போய்ப் பார்த்தார்கள், சாயங்காலமானால் அங்கேயும் அந்தக் கை மேலே போனது. திரும்பி வந்துவிட்டார்கள். லிவா குடிக்க ஆரம்பித்துவிட்டான். ஹந்தா இழுப்பதில்லை, கத்துவதில்லை. பொழுது சாய்ந்ததும் பிள்ளையின் இடது கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறாள். முதலில் முற்றத்தோடு திரும்பினார்கள். பிறகு தடம் வரை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் கூடிக்கொண்டே போகிறது. அந்தத் தடத்தைத் தாண்டி வரப்போடு போனால் எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும். அவர்கள் குடும்பத்துக் கல்லறை அங்கேதான் இருக்கிறது.

போன வாரம் ஹெரி போய்ப் பார்த்துவிட்டு வந்தான். தடம் முடிந்து வயல் வரப்பில் ஏறியிருக்கிறார்கள். வரப்பில் இரண்டு பேர் தாராளமாக நடக்கலாம். மூன்று பேருக்கு இடம் போதாது. மியாலி வரப்பு நடுவில் நடந்து போகவில்லை. இடது ஓரமாக ஒட்டி நடந்தாளாம். ஹந்தா கீழே, முழங்கால் சேற்றில் இறங்கி, கையை விடாமல் கூடவே போய்க்கொண்டிருந்தாள்.