மூணாவது ட்ரையல்

அசையாதீங்க சார், தோள்ல குண்டூசி இருக்கு. கையை இப்படி வைங்க. ஆங். எங்க விட்டேன்? என் வீட்டுக்காரி முதுகு.

சாயங்காலம் ஆறு அடிச்சா போதும் சார், சொல்லி வச்ச மாதிரி காய்ச்சல் வந்துடும். மூட்டுக்கு மூட்டு வலி. கூடவே முதுகுல கோடு கோடா செவந்து, யாரோ சாட்டையால விளாசின மாதிரி. யாரோ என்ன, நான்தான்னு தெருவே முடிவு பண்ணிடுச்சு. என் மச்சினன் நேரா கடைக்கு வந்து, இதாலதான் அடிச்சீங்களான்னு என் இன்ச் டேப்பை எடுத்துட்டுப் போய் அவ முதுகுல கோட்டு மேல வச்சு அகலம் பார்த்தான். ஒத்துப்போகல. பொழைச்சேன். மறுநாள் காலைல பார்த்தா முதுகு துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. வித்தை காட்டுறீங்களா மாமாங்கிறான்.

சிரிக்காதீங்க சார், குத்திடும்.

டாக்டர்கிட்டயா? போகாம இருப்பமா? மூணு தடவை போனோம். அவரு காலைல மட்டும்தான் பார்ப்பாரு. காலைல இவளுக்குக் காய்ச்சலும் இருக்காது, கோடும் இருக்காது. போன்ல படம் காட்டினேன். துணி மடிப்பு அழுந்தின தடம்னாரு, தையல்காரன்கிட்டயே. கடைசில, எல்லாம் மனசுதான், எங்கயாவது காத்தாடக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாரு. கம்ப்யூட்டர்ல இருந்து கண்ணை எடுக்கல சார். என் மூஞ்சியைப் பார்க்காட்டி போகுது, அவளையாவது பார்த்திருக்கலாம்.

அவ துணியெல்லாம் பிடிச்சுப் பிடிச்சுத் தைக்கிறேன். இனிமே பிடிக்கத் துணி இல்ல, அவ்வளவு இளைச்சுட்டா.

என்ன சார், சிரிப்பு நின்னுடுச்சு?

கோபமா, எனக்கா? சேச்சே. கோபப்பட்டா கோடு தெரிஞ்சிடுமா? அவரை ஆறு மணிக்கு இங்க நிறுத்தணும், அவ்வளவுதான். விழாவுக்குக் கோட்டு தைக்க அவரே வந்தப்போ, தேடிப்போன மாடு எதிர்ல வந்த மாதிரி இருந்துச்சு.

மணி என்ன? ஆறே கால். சரி, மறைப்பானேன். உங்க கோட்டு முதல் ட்ரையல்லயே கச்சிதம். ரெண்டாவது ட்ரையலுக்கு நாலு மணிக்கே வந்துட்டுப் போயிட்டீங்க. அதான் இன்னிக்குத் தோள் இறங்குதுன்னு ஒரு பொய் சொன்னேன்.

அந்தத் திரைக்குப் பின்னாடிதான் உட்கார்ந்திருக்கா. இப்பத்தான் கோடு ஏறுது.

இருங்க, ஊசியைக் கழட்டிடறேன். வாங்க டாக்டர்.