காளீஸ்வரியை விசாரிக்க வந்தவர்கள்

எங்கள் எம்.பி.ஏ. வகுப்பில் யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் பெற்றவர்கள்கூடச் சற்று யோசிப்பார்கள், நான் யோசிக்க மாட்டேன். பழைய மாணவர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். வருடா வருடம் வெளிவரும் மலரில் எங்கள் வகுப்புக்கு ஒரு பக்கம் உண்டு, அதை எழுதுவதும் நான்தான். ஹரிகிருஷ்ணன் சிங்கப்பூரில் வைஸ் பிரசிடெண்ட் ஆனது, அவன் மனைவிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது, மாரிச்சாமி வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்கியது, எல்லாம் என் கை வழியாகத்தான் ஊருக்குப் போகும். மாரிச்சாமி வேலையை விடவில்லை, வேலைதான் அவனை விட்டது. அதை அப்படியே எழுத முடியுமா? நாலு பேர் படிக்கிற இடம்.

ஆகவே, அக்கா, சங்கரன்கோவிலில் பஸ் ஏறி ராஜபாளையத்தில் என் வீட்டைத் தேடி வந்தீர்களே, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். உங்கள் தம்பிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் காளீஸ்வரியைப் பார்த்திருக்கிறீர்கள். பெண்ணைப் பிடித்துவிட்டது, ஜாதகமும் பொருந்திவிட்டது. ஆனாலும் கூடப் படித்தவர்கள், பழகியவர்கள் என்று யாரிடமாவது ஒரு வார்த்தை விசாரிக்காமல் நம் பக்கத்தில் தட்டு மாற்றுவதில்லை. அதில் தப்பே இல்லை. ஆனால் மற்றவர்களைப் போலப் பெண் எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை.

"இதுக்கு முன்னால வந்தவுக அம்புட்டுப் பேரும் உங்கிட்ட விசாரிச்சுட்டுத்தான் வேண்டாம்னு போனாகளாம். நீ அப்படி என்னம்மா சொன்ன?" என்று கேட்டீர்கள்.

இத்தனை வருடத்தில் யாரும் இதை நேராகக் கேட்டதில்லை. நேராகக் கேட்டால் நேராகச் சொல்வதுதான் மரியாதை.

முதல் தடவை நான் ஒன்றுமே சொல்லவில்லை. மதுரைப் பக்கத்து மாப்பிள்ளை, அவருடைய சித்தி போன் பண்ணினார். நான் அப்பாவின் பேண்டேஜ் துணித் தறிக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். "பொண்ணு குணம் எப்படிம்மா?" என்று அந்தம்மா கேட்ட நேரத்தில், எந்தத் துணிக்கட்டை எந்த லாரியில் ஏற்றுவது என்று ஆள் வந்து நின்றான். போனைக் கையால் பொத்திக்கொண்டு அவனுக்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு, "ம், நல்ல பொண்ணுதான்" என்றேன். "சரிம்மா, புரியுது" என்று அந்தம்மா வைத்துவிட்டார். அவருக்கு என்ன புரிந்தது என்று எனக்குப் புரியவில்லை. அந்த வாரக் கடைசியில் காளீஸ்வரி வந்து, இந்த இடம் வேண்டாமாம் என்று என் மடியில் படுத்து அழுதாள். அப்போதுதான் எனக்கும் புரிந்தது.

உடனே ஒரு போன் போட்டு, அது தறிக்கூடத்துத் தயக்கம், பெண்ணைப் பற்றிய தயக்கம் இல்லை என்று விளக்கியிருக்கலாம். நம்பரைத் தேடி எடுக்கவும் செய்தேன். காளீஸ்வரி அழுது முடித்துவிட்டு, முகம் கழுவி, பசிக்கிறது என்றாள். இரண்டு பேரும் தோசை சுட்டுச் சாப்பிட்டோம். நான் அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டு நாளாகியிருந்தது. போன் போடவில்லை.

இதற்கு ஷிஃபாவைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். ஹாஸ்டலில் நான், காளீஸ்வரி, ஷிஃபா மூன்று பேரும் ஒரே அறை. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மூன்று பேரும் ரசம்சாதம் சாப்பிடுவோம். ஷிஃபா கல்யாணமாகி மஸ்கட் போனாள். முதலில் தினமும் பேசினாள், அப்புறம் நோன்புப் பெருநாளைக்குப் பேசினாள், அப்புறம் பிரியாணிப் படம் மட்டும் அனுப்பினாள். இப்போது அவள் மலரில் நான் எழுதும் பக்கத்தில் ஒரு வரி. 'ஷிஃபா, மஸ்கட். கணவர் பாரூக், சூப்பர் மார்க்கெட். இரண்டு மகன்கள்.' அவ்வளவுதான் ஷிஃபா. எனக்கும் ஓர் இடம் பேசி, பூவும் வைத்து, பையன் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். அதனால் 'கனகலட்சுமி, ராஜபாளையம்' என்பதற்கு அப்புறம் என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. மிச்சம் இருந்தது காளீஸ்வரிதான். எங்கள் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கியவள், ஒரு பால்கோவாக் கம்பெனியில் ஆன்லைன் ஆர்டரைப் பார்சல் கட்டி அனுப்பிக்கொண்டு, வாரம் தவறாமல் பஸ் பிடித்து என்னைப் பார்க்க வந்தாள்.

செய்தியாகிப் போன ஒருத்தர் மறுபடி மனுஷராகத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. காளீஸ்வரியையும் ஒரு வரியாக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்கு அன்பு என்பதைத் தவிர வேறு பெயர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு கல்யாணத்தை நிறுத்தலாம் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை, நாமாகப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்து வந்தவர்கள் சாத்தூர்க்காரர்கள், இங்கேயே, நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்தார்கள். "தங்கமான பொண்ணுங்க. பழசெல்லாம் இப்ப எதுக்கு? நல்லா இருக்கட்டும்" என்றேன். எந்தப் பழசு என்று அவர்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். முதல் செமஸ்டரில் காய்ச்சலோடு எழுதி அவளுக்கு ஒரு பேப்பர் போய்விட்டது, மறுபடி எழுதிப் பாஸ் பண்ணினாள். அவர்கள் கேட்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். இன்னோர் இடத்துக்கு, "அவ எனக்குக் கூடப்பொறந்தவ மாதிரிங்க, அவளைப் பத்தி என் வாயால எதுவும் சொல்லக் கூடாது" என்றேன். அதுவும் உண்மைதான். கூடப்பிறந்தவளைப் பற்றி நாமே புகழ்ந்து பேசினால் நன்றாகவா இருக்கும்?

வேலையும் அப்படித்தான். பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனி அவளை எடுத்துக்கொள்ள இருந்தது. தெரிந்தவர்கள் பெயர் கேட்டபோது என் பெயரைத்தான் கொடுத்திருந்தாள். அந்த எச்.ஆர். பெண் ரொம்பத் தன்மையாகப் பேசினாள். காளீஸ்வரி எவ்வளவு கெட்டிக்காரி, எவ்வளவு நாணயமானவள் என்று மனம் நிறையச் சொன்னேன். கடைசியில், "இப்ப உடம்பும் தேவலைன்னு நினைக்கிறேன்" என்றேன். படிக்கிற காலத்தில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்து கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தவளே நான்தான், அந்த அக்கறையில் சொன்னது. பெங்களூரிலிருந்து அப்புறம் பேச்சே இல்லை. ஏதோ வியாதி என்று அவர்களாக நினைத்துக்கொண்டதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அவள் அப்பா சௌந்தரபாண்டியன் பட்டாளத்தில் இருந்தவர். மனைவி போன பிறகு தனி ஆளாக நின்று பெண்ணை வளர்த்தார். கல்யாணம் தட்டத் தட்ட, ராகு கேது என்றார்கள், பரிகாரம் என்றார்கள். திருநாகேஸ்வரம், காளஹஸ்தி என்று கூட்டிக்கொண்டு அலைந்தார். நானும் கூடப் போனேன், அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு பெண்பிள்ளை வேண்டுமே. எல்லா இடத்திலும் நான் காளீஸ்வரி பெயருக்குத்தான் அர்ச்சனை செய்தேன், என் பெயருக்குச் செய்ததில்லை. போன ஐப்பசியில் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தாயி, நீ உள்ளதச் சொல்லு. எம்பொண்ணுகிட்ட என்ன கொறை?"

"ஒரு கொறையும் இல்லப்பா. நேரம் வரணும்" என்றேன்.

"நீ ஒருத்திதாம்மா அவளப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுத" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் வீடு திரும்பவில்லை. மலரில் எழுதினேன், 'காளீஸ்வரியின் தந்தை காலமானார், ஆழ்ந்த இரங்கல்' என்று. எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது, அழுதேன்.

இப்போதெல்லாம் அவள் கண்ணாடி பார்ப்பதில்லை. "ஏட்டி கனகு, எம்மூஞ்சில என்னமோ எழுதி ஒட்டியிருக்குடி. வாரவுக எல்லாரும் படிச்சிட்டு ஓடுதாக, எனக்குத்தான் தெரிய மாட்டேங்கு" என்கிறாள். அதனால் நான்தான் தலை வாரிவிடுகிறேன். நீங்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் நான் வாரிவிட்ட தலைதான். அழகாக இருந்தாள், இல்லையா?

உங்கள் முகத்தில் கோபம் தெரிகிறது. கூடவே ஒரு நிம்மதியும் தெரிகிறது. பெண்ணிடம் குறை ஒன்றும் இல்லை, அதுதானே வேண்டும் என்று நினைக்கிறீர்கள். உண்மைதான். எள்ளளவும் குறை இல்லை. தாராளமாகத் தம்பிக்கு முடியுங்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் உங்கள் நன்மைக்காகச் சொல்கிறேன். நான் சொன்னதை எல்லாம் நீங்கள் இன்றைக்கே போய் அவளிடம் சொல்வீர்கள். அவள் நம்ப மாட்டாள். அவள் அழுதபோதெல்லாம் கண்ணைத் துடைத்தவள் நான், நீங்கள் ஒரு நாள் பலகாரம் சாப்பிட்டுப் போனவர். நாத்தனார் இப்போதே கலகம் மூட்டுகிறாள் என்று என்னிடம்தான் வந்து அழுவாள். கல்யாணத்துக்கு அப்புறமும் தினமும் எனக்குப் போன் பண்ணிப் பேசுவாள். என்ன சமைத்தது, நீங்கள் என்ன சொன்னீர்கள், உங்கள் தம்பி எதற்குக் கோபப்பட்டார், ஒன்று விடாமல் சொல்வாள். அவளுக்கு என்னிடம் ஒளிக்கத் தெரியாது. நானும் ஷிஃபா விஷயத்தில் விட்டதுபோல இந்தத் தடவை விட்டுவிட மாட்டேன்.

உங்கள் மகள் மாரிச்செல்வி எங்கள் கல்லூரியில்தானே இந்த வருடம் எம்.பி.ஏ. சேர்ந்திருக்கிறாள்? வந்தவுடனே பெருமையாகச் சொன்னீர்கள். நல்ல பிள்ளை, சங்கத்துக் கூட்டத்தில் பார்த்தேன், கலகலவென்று எல்லாரிடமும் பேசுகிறாள். நாளைக்கு அவளுக்கும் ஓர் இடம் வரும், ஒரு வேலை வரும். அவர்களும் யாரிடமாவது ஒரு வார்த்தை விசாரிப்பார்கள். சங்கத்துச் செயலாளர் நம்பர் எல்லாரிடமும் இருக்கிறது. அவளைப் பற்றி நான் நல்லதுதான் சொல்வேன். இதுவரைக்கும் யாரைப் பற்றியும் நான் நல்லதைத் தவிர ஒன்றும் சொன்னதில்லை, அக்கா.

எழுந்துவிட்டீர்களே.

"யோசிச்சுச் சொல்லுதோம்மா" என்கிறீர்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உங்கள் மேல் தப்பில்லை, பிள்ளையைப் பெற்றவர்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். காளீஸ்வரியிடம் நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். அப்பாவும் இல்லாத பிள்ளை, ஒடிந்துபோவாள். நானே அவள் வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்லி, இரண்டு நாள் கூட இருந்து தேற்றிவிட்டு வருகிறேன். இப்படி ஒரு நேரத்தில் அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?