'தேவைப்படும்போது' என்ற சொல்லை வட்டமிட்ட பென்சிலுக்கு

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய எங்கள் மூத்த வழக்கறிஞர் அவர்களே! மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்ற பெற்றோருக்கு முதலில் நாற்காலியும் பிறகு நம்பிக்கையும் தந்தவரே! குழந்தைகள் வாயில் 'பென்சில் ஆன்ட்டி'யும், எங்கள் வாயில், நீங்கள் அறையில் இல்லாத நேரத்தில் மட்டும், 'பென்சில் மேடமு'ம் ஆனவரே! வணக்கம்.

இது இந்த மடலின் இரண்டாவது வடிவம். முதல் வடிவத்துக்கு என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். சபைக்குத் தெரியாது. சொல்லிவிடுகிறோம்.

சிறப்புக் கல்வித் தேவை உள்ள குழந்தைகளுக்கான நம் சட்ட உதவி மையத்தில் எழுதப்படும் எந்தத் தாளும் உங்கள் மேசையின் இடப்பக்கத் தட்டுக்குப் போகும். பென்சில் வட்டங்களோடு வலப்பக்கத் தட்டுக்கு வரும். போன திங்கட்கிழமை நம் தட்டச்சர், உங்களுக்குத் தெரியாமல் எழுதிய பணி நிறைவுப் பாராட்டு மடலையும் பழக்க தோஷத்தில் இடப்பக்கத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

மாலையில் அது வலப்பக்கத் தட்டில் இருந்தது. 'எண்ணற்ற குழந்தைகளின் இருள் நீக்கிய இளஞ்சூரியனே' என்ற வரியில் முதல் சொல்லைச் சுற்றி வட்டம். ஓரத்தில், 'எத்தனை? பதிவேட்டில் இருக்கிறது.' இளஞ்சூரியனுக்கு நேரே, 'வயது அறுபது.' 'அல்லும் பகலும் அயராது உழைத்தவரே' என்பதற்கு, 'ஐந்தரைக்குப் பூட்டிவிடுகிறோம்.' 'தவறே அறியாத தகைமையாளரே' என்ற வரி முழுதாக அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் இரண்டே சொற்கள்: 'தையற்காரம்மாவைக் கேளுங்கள்.'

“மானம் போச்சு. ரெண்டு நாள் மோனை எதுகை பாத்து எழுதினேன்” என்று தட்டச்சர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

“நல்லவேளை, கேக்கை அந்தத் தட்டுல வைக்கல. எத்தனை துண்டு, யார் யாருக்குன்னு கேட்டிருப்பாங்க” என்றார் கோப்பறை அண்ணன்.

கேட்கச் சொன்னீர்கள். கேட்டோம். அந்த அம்மா இன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் இந்த மாடிக்கு வந்தபோது மகளுக்கு எட்டு வயது. மகள் பேசமாட்டாள். மணி அடித்தால், நாற்காலி இழுபட்டால், காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். பழகிய ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அடங்கிவிடுவாள், பாடமும் ஏறும். நீங்கள் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி அவளுக்கு ஒரு கல்வித் திட்டம் வாங்கித் தந்தீர்கள். பள்ளி அவளுக்கு என்னென்ன உதவி தரவேண்டும் என்று கல்வி அலுவலகம் எழுதிக்கொடுக்கும் தாள் அது. அதில் இருந்தால் கட்டாயம். இல்லாவிட்டால் அவரவர் மனசு. பதினான்கு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி: 'தேவைப்படும்போது உதவியாளர் ஒருவர் உடனிருப்பார்.' நீங்கள் படித்தீர்கள். சம்மதித்துக் கையெழுத்து போடச் சொன்னீர்கள். அந்தத் தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பேருந்தில் நின்றபடியே வீட்டுக்குப் போனதாகச் சொல்கிறார் அவர். உட்கார இடம் இருந்ததாம். உட்காரத் தோன்றவில்லையாம்.

அடுத்த கல்வியாண்டு முழுக்க ஓர் உதவியாளரும் வரவில்லை. மகள் கத்தினாள். அவள் நாற்காலியைத் தூக்கி வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்தில் போட்டு உட்காரவைத்தார்கள். அங்கே சத்தம் குறைவு, அவள் கத்தவில்லை. கத்தாததால் உதவி தேவைப்படவில்லை. அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. பேசாத பிள்ளை வீட்டுக்கு வந்து என்ன சொல்லும்? வருடக் கடைசியில் கடிதம்தான் வந்தது. இந்தப் பள்ளி உங்கள் மகளுக்குச் சரிவராது, வேறு இடம் பாருங்கள் என்று. அந்த ஊரில் வேறு இடம் இல்லை. கடிதத்தோடு மறுபடி மாடியேறினார்.

“பேப்பர்ல எழுதிட்டா நடந்துரும்னு சொன்னீங்களே மேடம்.”

நீங்கள் ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டி மறுபடி படித்தீர்கள்.

“இதுல என் தப்பும் இருக்கும்மா. தேவையா இல்லையான்னு யாரு முடிவு பண்றது? நான் கேக்காம விட்டுட்டேன்.”

“நான் தைக்கிறவ. அளவு எழுதாம துணியைக் குடுத்தா வெட்டுவேனா? 'தேவைப்படற அளவுக்குக் கை வச்சிரு'ன்னு எவளாவது சொல்லுவாளா?”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டீர்கள். நீங்கள் போட்ட முதல் வட்டம் அதுதான் என்பது எங்களுக்கு இந்த வாரம்தான் தெரிந்தது.

மகள் மேசைக்கடியில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள்.

“எப்பப் பாரு கதவு. ஒரு பூ வரைடி, பூனை வரைடின்னா காதுலயே வாங்க மாட்டா” என்றார் அம்மா.

நீங்கள் குனிந்தீர்கள். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மூடிய கதவு. எட்டாத உயரத்தில் ஒரு கண்ணாடிச் சதுரம். கதவுக்குப் பக்கத்தில் சின்னப் பலகை, அதில் எண்கள்.

“இது என்ன நம்பர்?”

“ஏதோ கிறுக்கறா மேடம்.”

“கிறுக்கல் இல்லம்மா. தேதி.”

வகுப்புக்கு வெளியே தொங்கும் பலகையில் தினமும் தேதி எழுதுவார்கள். பார்த்ததைப் பார்த்தபடி வரைகிறவள் அதையும் விடவில்லை. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். நூற்றுப் பன்னிரண்டு நாள்.

நீங்கள் பள்ளிமேல் போட்ட வழக்கில், தீர்ப்பாயத்தில் தலைமை ஆசிரியர் சாட்சி சொன்னார். “பொண்ணு அமைதியாத்தான் இருந்தா. உதவி தேவைப்படல.”

“வெளிய உக்கார வச்சுட்டா எப்படிங்க தேவைப்படும்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். நடுவர் அம்மாவை உட்காரச் சொன்னார்.

நீங்கள் நோட்டை நடுவர் முன் வைத்தீர்கள். பக்கத்தில் பள்ளியின் வருகைப் பதிவேட்டை வைத்தீர்கள். அந்த நாள் ஒவ்வொன்றிலும் 'வகுப்பில் இருந்தாள்' என்று அதில் பதிவாகியிருந்தது. நடுவர் முதலில் வேகமாகப் புரட்டினார். பிறகு மெதுவாக.

உத்தரவு இதுதான்: ஒரே உதவியாளர், வாரம் இருபத்தைந்து மணி நேரம், அவளுக்கு அடுத்த இருக்கையில், வகுப்பறைக்குள். கடைசிச் சொல் நீங்கள் எழுந்து நின்று கேட்டு வாங்கியது.

அதற்குப் பிறகு வந்த எந்தத் திட்டத்திலும் 'இயன்றவரை'யும் 'அவ்வப்போது'ம் உங்கள் பென்சிலைத் தாண்டியதில்லை. எத்தனை மணி, யார், எந்த அறை, எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டுக் கேட்டு எங்களைப் படுத்தியெடுத்தீர்கள். எங்களில் மூன்று பேர் கழிவறையில் நின்று அழுதிருக்கிறோம். மூவரும் இன்று அதே கேள்விகளை அடுத்தவரிடம் கேட்கிறோம்.

எண்ணற்ற என்பதைத் திருத்திவிட்டோம். முப்பது ஆண்டுகள் ஏழு மாதங்கள். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு குழந்தைகள். அவர்களில் நூற்று முப்பது பேரின் வழக்கில் தோற்றோம். அந்தக் கோப்புகளை மட்டும் கோப்பறைக்கு அனுப்ப நேற்றுவரை நீங்கள் சம்மதிக்கவில்லை. எங்கள் மேசைகளில் பிரித்து வைத்திருக்கிறோம். கவலை வேண்டாம்.

'நீடூழி வாழ்க' என்பதற்குப் பக்கத்தில், 'எவ்வளவு காலம்? யார் பொறுப்பு?' என்று கேட்டிருந்தீர்கள். நூறு வயது வரை, குறையக் கூடாது. தினமும் காலையில் நாற்பது நிமிடம் நடை. கூட நடக்க உங்கள் கணவர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழங்கால் மருத்துவர். கூட்டிப்போவது கோப்பறை அண்ணன். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு எங்களில் ஒருவர் ஏதாவது சந்தேகத்தோடு உங்கள் வீட்டுக்கு வருவார். தேநீர் தருவது உங்கள் பொறுப்பு. இவற்றில் எது தவறினாலும் மேல்முறையீடு செய்வோம்.

இந்த மடலின் அடியில் ஒரு படம் இருக்கிறது. வரைந்தவர் தையற்காரம்மாவின் மகள். வயது இருபத்தேழு, ஓர் அச்சகத்தில் புத்தகம் கட்டுகிறார். பிடித்ததை வரையச் சொன்னோம். உங்கள் அறையை வரைந்தார். இரண்டு தட்டுகள், ஜன்னல், சாயம் போன திரை, மேசைக்கடியில் ஒரு சிறுமியும் ஒரு பெரியவரும். எல்லாம் அச்சு அசல். தட்டச்சர்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாம் சரி, கதவைக் காணோமே?”

அம்மா படத்தை வாங்கி ஒரு தடவை பார்த்தார்.

“உள்ள உக்காந்திருக்கறப்போ கதவை யாருங்க பாப்பாங்க?”

இப்படிக்கு,
மைய ஊழியர்கள்,
பதினோரு பேர்.