அபினாவுக்க கண்ணாடி வளையம்

இல்ல மக்கா, கண்ணாடிக் கடையில ஒண்ணும் இல்ல வேல. எனக்க மவ அபினா ஜெர்மனியிலயாக்கும், ஆராய்ச்சி. நான் சொன்ன வளையம் தலைமுடிய விடச் சின்னது. அதுக்குள்ள வெளிச்சத்த விட்டா சுத்திச் சுத்தி வருமாம். ரத்தத்துல இருந்து உசுருள்ள ஒரே ஒரு செல்லு வந்து ஒட்டினாப் போதும், வெளிச்சத்துக்க நெறம் கொஞ்சம்போல மாறிரும். அத வச்சு, இன்ன செல்லாக்கும்ணு இவ கண்டுபிடிச்சிருவா. கோடிக்கு நடுவுல ஒண்ணே ஒண்ண, கேட்டியா!

பக்கத்து வீட்டுச் செல்லக்கனிட்ட இதச் சொன்னேன். இம்புட்டுப் படிச்சிட்டு வளையலா செய்யுகாண்ணு கேக்கா. போடி அங்கனண்ணு எந்திரிச்சு வந்துட்டேன்.

சிரிக்காத. நீ மார்த்தாண்டத்துல பஸ்ஸு ஏறினப்பவே நெனச்சேன், இவளுக்கும் அபினாவுக்க வயசுதான் இருக்கும்ணு. அதாக்கும் சீட்டுல வச்சிருந்த பைய எடுத்து மடியில வச்சேன். வேற ஆளுண்ணா எடுத்திருக்க மாட்டேன்.

தெனமும் வீடியோவுல வருவா. மெலிஞ்சிட்டியேம்மாண்ணு கேப்பா. போனு பழசு, அது அப்படித்தான் காட்டும்ணு சொல்லுவேன். அவ போன வச்ச பொறவு டிவியப் போட்டு விடுவேன். பாக்கதுக்கு இல்ல. வீட்டுல ஒரு சத்தம் வேணும்லா? அவ அப்பா போயி ஆறு வருசமாச்சு.

நானா? திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு. போன ஞாயிறு சர்ச்சுல ஜெபக் குறிப்புச் சீட்டுப் போட்டேன். சுகவீனமான ஒரு சகோதரிக்காகண்ணு மட்டும் எழுதினேன். பேரு போட்டா மத்தியானத்துக்குள்ள சேதி ஜெர்மனிக்குப் போயிரும். போதகர் வாசிச்சாரு, எல்லாரும் கண்ண மூடி ஜெபிச்சாவ. நானும் ஆமென்ணு சொன்னேன், வேற ஆருக்கோ போல. அப்பத்தான் அழுக வந்துது.

மாருல ஒரு கட்டி. ரிசல்ட்டு இண்ணைக்கு. அவ தேடுகதும் இதே சீக்குள்ள செல்லத்தானாம். நான் எப்பிடிச் சொல்ல? அடுத்த மாசம் அந்த வளையம் வச்ச மெஷின அவ பெரிய ஆளுவளுக்கு முன்ன ஓட்டிக் காட்டணும். இதக் கேட்டா போட்டது போட்டபடி வந்து நிப்பா.

போன தடவ ஆஸ்பத்திரியில, கூட வந்த ஆளு பேரு கேட்டாவ. அபினாண்ணு எழுதினேன். ஆளு எங்கண்ணு நர்சு கேட்டா. சாயா குடிக்கப் போயிருக்குண்ணு சொன்னேன். இண்ணைக்கு நம்பரும் வேணுமாம், கூப்பிட்டுப் பாப்பாவளாம். ஒனக்க நம்பரத் தருவியா மக்கா? நீ வரண்டாம். கூப்பிட்டா, கீழ நிக்கேண்ணு ஒரு வார்த்த சொன்னாப் போதும்.